‘மறைந்துபோன’ கடைகள்: யாழ்ப்பாண நகர் பற்றிய நினைவேக்க எழுத்துக்கள் குறித்துச் சில அவதானிப்புகள்

அண்மைக் காலத்தில் ஈழத்துத் தமிழ் எழுத்தில் ஒருவகை உரைநடை பெருகிவரக் காண்கிறோம். யாழ்ப்பாண நகரின் பழைய கடைகள், தேநீர்க் கடைகள், படமாளிகைகள், புத்தகசாலைகள், பஸ் நிலையத்தைச் சூழ்ந்திருந்த பெட்டிக்கடைகள் ஆகியவற்றை நினைவுகூரும் கட்டுரைகளே அவை. சஞ்சிகைகளிலும் பழைய மாணவர் சங்க மலர்களிலும் புலம்பெயர் நாடுகளில் வெளியாகும் ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களிலும் அவை தவறாது இடம்பெறுகின்றன. இவற்றை இலக்கியமாகக் கொள்வதா, வரலாற்று ஆவணமாகக் கொள்வதா என்ற வினா ஒருபுறமிருக்க, பெருந்தொகையானோர் விரும்பி எழுதி விரும்பி வாசிக்கும் ஒரு வகையினை ஆராய்ச்சியாளர் புறக்கணித்தல் தகாது. ஒரு சமூகம் தனது கடந்த காலத்தை எவ்வாறு சொல்லிக்கொள்கிறது என்பது அதன் நிகழ்காலக் கருத்துநிலையை அறிவதற்கான வழிகளுள் முக்கியமானதொன்று.

இக்கட்டுரைகளின் அமைப்பு ஏறத்தாழ ஒரே தன்மையானது. கஸ்தூரியார் வீதியில் தொடங்கிப் பெரியகடை வழியாகப் பஸ் நிலையம்வரை வாசகர் கைப்பிடித்து அழைத்துச் செல்லப்படுவார். மலாயன் கபேயின் வாழையிலைச் சாப்பாடு, சுபாஸ் கபேயின் ஐஸ்கிறீம், வின்சர் படமாளிகையின் முன்வரிசை, பூபாலசிங்கம் புத்தகசாலையிற் புதிதாக வந்திறங்கிய தமிழகத்துச் சஞ்சிகைகள் எனக் காட்சிகள் விரியும். முடிவில், இவையெல்லாம் மறைந்துவிட்டன என்ற பெருமூச்சு. (இவற்றுட் சில மறையவேயில்லை. மலாயன் கபே இன்றும் இயங்குகிறது. அங்கு உண்ட இளமை மறைந்துவிட்டதனாற் கடையும் மறைந்ததாகவே கொள்ளப்படுகிறது போலும்.)

இவ்வெழுத்துக்களை ஒருசேர வாசிக்குமிடத்து ஓர் இலக்கணச் செய்தி எமது கவனத்தை ஈர்க்கிறது. அவற்றின் இறுதிப் பகுதிகளில் வரும் வினைமுற்றுக்கள் பெரும்பாலும் தன்வினைகளாகவே அமைகின்றன: மறைந்தன, அருகின, கைமாறின, இல்லாமற் போயின. செய்தவர் என எவரும் அவ்வாக்கியங்களில் இல்லை. மாரி கழிந்து கோடை வந்ததுபோல ஒரு நகரம் தானாகவே தன் கடைகளை உதிர்த்துவிட்டதென்ற எண்ணம் வாசகர் மனதிற் பதிகிறது. ஆனால் யாழ்ப்பாண நகரின் கடைகள் அவ்வாறு உதிரவில்லை. அவை வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு சக்திகளினால், வெவ்வேறு நோக்கங்களுக்காக இல்லாமல் ஆக்கப்பட்டன. அவ்வேறுபாடுகளை ஒரே பெருமூச்சிற் கரைத்துவிடுதல் நினைவேக்கம் ஆற்றும் கருத்துநிலைப் பணி என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்க விரும்பும் கருத்து. இதற்கு முந்திய இன்னொரு கரைப்பும் உண்டு. அக்கடைகள் செழித்திருந்த காலத்தில் அவற்றினுள்ளே எவர் அமர்ந்தனர், எவர் வாசலில் நின்றனர் என்ற வினா எழாதவாறு அது பார்த்துக்கொள்கிறது.

முதலில் இவ்வுணர்வின் பெயர் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல் ஒரு நோயின் பெயராகவே பிறந்தது. 1688ஆம் ஆண்டில் யொஹான்னஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரிற் சமர்ப்பித்த ஆய்வேட்டில், தாயகத்தை விட்டகன்ற சுவிற்சர்லாந்தினரை, குறிப்பாகக் கூலிப்படையினரை, வாட்டிய வீட்டேக்கத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். ஊரைவிட்டுக் கூலிக்காகப் புறப்பட்டவரின் நோய் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஈழத்துத் தமிழில், எஸ். பொன்னுத்துரையின் நூற்பெயராகிய ‘நனவிடை தோய்தல்’ இன்று ஒரு பொதுச்சொல்லாகவே வழங்குகிறது. முற்போக்கு அணியினரோடு நெடிது பொருதிய ஒருவரின் சொல்லை அவ்வணியினரும் தயக்கமின்றிக் கையாள்வது தமிழ்ச் சொற்களின் வலிமைக்கு ஒரு சான்று. ‘தோய்தல்’ என்ற சொல்லில் அமைந்த சுகமும் நோக்கற்பாலது. தோய்பவர் நீரின் ஆழத்தை அளப்பதில்லை.

றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட நாடும் நகரமும் பற்றிய நூலில், ஆங்கில இலக்கியத்தில் ‘அண்மையில் மறைந்த பழைய கிராமம்’ என்ற எண்ணத்தைப் பின்னோக்கித் தேடிச் செல்கிறார். ஒவ்வொரு தலைமுறையினரும் தமது இளமைக்குச் சற்று முன்னரே அந்தப் பொற்காலம் முடிந்ததென்கின்றனர். அத்தலைமுறையின் எழுத்தைத் திறந்தால் அது இன்னும் ஒரு தலைமுறை பின்னே செல்கிறது. நகரும் படிக்கட்டில் ஏறிப் பின்னோக்கிச் செல்வது போன்றது இது என்பார் அவர். ஆனால் அவர் அதனை வெறும் மயக்கமெனத் தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு காலத்தினரது ஏக்கமும் அவ்வக்காலத்து நிலவுடைமை மாற்றங்களுக்கான குறிப்பான எதிர்வினையென்று காட்டுவதே அவரது சாதனை. நாமும் அவ்வழியையே கைக்கொள்ள வேண்டியுள்ளது. ஏக்கத்தை நகைத்து ஒதுக்குதல் எளிது. அது எதனை மறைக்கிறது, எதனை உண்மையாகவே இழந்திருக்கிறது என்பவற்றைப் பிரித்தறிதலே கடினம்.

யாழ்ப்பாண நகரின் கடைத்தெரு எதன்மேல் நின்றது? குடாநாட்டின் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் ஒருபுறம். கொழும்பிலும் மலாயாவிலும் உத்தியோகம் பார்த்தோர் அனுப்பிய பணமும் அவர்களின் ஓய்வூதியமும் மறுபுறம். ‘மணியோடர் பொருளாதாரம்’ என நாம் பரிகாசமாகவும் கவலையோடும் குறிப்பிட்டுவந்தது இதனையே. 1905இற் கொழும்புடன் முழுமையாக இணைக்கப்பட்ட வடபகுதிப் புகையிரதப் பாதை ஆட்களையும் சாமான்களையும் மட்டுமன்றிப் பத்திரிகைகளையும் கொண்டுவந்தது. பத்திரிகை வந்ததும் அதனை வாசிக்கும் இடம் வேண்டியிருந்தது. கிராமங்களில் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் அத்தேவையை நிறைவு செய்தன. நகரிலும் சந்திகளிலும் தேநீர்க் கடையின் வாங்கு அப்பணியை ஆற்றியது. ஒருவர் உரத்து வாசிக்க ஏனையோர் கேட்பர்; இடையில் மறுப்பர்; மறுப்பு விவாதமாகும். ஒரு தேநீரின் விலைக்கு ஒரு முற்பகல் முழுவதும் இருக்கலாம்.

எமது பேச்சு வழக்கில் ‘இருத்தல்’ என்ற சொல்லுக்கு அமர்தல் என்பதே உடனடிப் பொருள் என்பதை யாவரும் அறிவர். வீட்டுக்கு வந்தவரை ‘இருங்கோ’ என்பது அவரை மதித்தலின் முதற்படி. தேநீர்க் கடையில் எல்லாருக்கும் அது சொல்லப்பட்டதா?

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகக் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் ஒருவருக்கு இடம் மறுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் வந்து பத்தாண்டுகள் கழிந்தும் குடாநாட்டின் தேநீர்க் கடைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே இருக்க முடியவில்லை. வாசலுக்கு வெளியே நின்று, தமக்கெனத் தனியாக வைக்கப்பட்ட பேணியிலோ போத்தலிலோ தேநீரைப் பெற்றனர். அவர்கள் கொடுத்த காசு அதே மேசை இலாச்சிக்குள்ளேயே விழுந்தது. பணம் சாதி பாராதென்ற பழமொழித்தனமான நம்பிக்கைக்கு இது பதில். முதலாளித்துவப் பரிவர்த்தனை நிலமானிய உறவைத் தானாகவே கரைத்துவிடும் என்று எதிர்பார்த்திருந்த எமது ஆரம்பகால மார்க்சியர் சிலருக்கும் இதுவே பதில்.

1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்துடன் நிலைமை மாறத் தொடங்கிற்று. நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினர் முன்னின்று நடத்திய அவ்வூர்வலம் பொலிஸாரின் தாக்குதலையும் மீறி நகரை அடைந்தது. அதனைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருப்பெற்றது. சங்கானை, நெல்லியடி, கொடிகாமம், சாவகச்சேரி முதலிய இடங்களில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்தன. மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசம் 1968இல் உச்சநிலையை அடைந்தது. இப்போராட்டங்களில் உயிர்கள் பலியாயின. ஒரு வாங்கில் அமர்ந்து ஒரு குவளையில் தேநீர் அருந்துவதற்காக மனிதர் உயிர் கொடுக்க நேர்ந்த நகர்ப்புறங்களைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். சுபத்திரனின் கவிதைகளும், கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலும், மாவிட்டபுர நிகழ்வை நாட்டுக்கூத்து மரபில் மேடையேற்றிய ‘கந்தன் கருணை’யும் இக்காலத்தின் இலக்கியப் பேறுகள். நினைவேக்கக் கட்டுரைகளில் அறுபதுகளின் பிற்பகுதி வரும்போது அக்காலத்துத் திரைப்படங்கள் வருகின்றன; இவை வருவதில்லை. தற்செயலான மறதியென்று இதனைக் கொள்ள முடியவில்லை. வாசலுக்கு வெளியே நின்றவர் அந்த வாசலைப் பற்றி எழுதும்போது அவருக்கு வாங்கின் வழவழப்பு நினைவுக்கு வர நியாயமில்லை.

என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்ற சிறுகதையை இவ்விடத்தில் நினைவூட்டலாம். பொது மேடையிற் சமத்துவம் பேசும் பெரியவர் ஒருவர், தம்மைக் காணவந்த தாழ்த்தப்பட்ட இளைஞரை வீட்டுக்குள் அழைக்க மனமின்றி, வெளியே நிலவொளியில் இருந்து பேசலாமென்று இனிமையாக அழைத்துச் செல்கிறார். நிலவின் அழகு அங்கே ஒரு கதவின் அடைப்பை மூடும் திரையாகிறது. ஈழத்துச் சிறுகதைகளில் எந்தத் தத்துவ நூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாத ஒன்றை இக்கதை சொல்லிவிடுகிறது: அழகுணர்வு எங்ஙனம் விலக்கலின் கருவியாகிறது என்பதை. நினைவேக்க எழுத்தின் பொன்னொளியும் பெரும்பாலும் இத்தகைய நிலவொளியே.

ஆயினும் நகரின் கடைகள் யாவும் ஒரே தன்மையின என்று சாதித்தலும் பிழையாகும். சலூனை எடுத்துக்கொள்வோம். கிராமத்தின் குடிமை முறையில், முடிதிருத்தும் தொழிலாளர் மேல்சாதியினரின் வீட்டு வளவுக்குச் சென்று தொழில் செய்தார். ஊதியம் நெல்லாகவும் சடங்குக் கொடையாகவும் கிடைத்தது. எவருக்குத் தொழில் செய்யலாம், எவருக்குச் செய்யலாகாது என்பதையும் அவர் தீர்மானிக்கவில்லை; அவர்மேல் நின்றோர் தீர்மானித்தனர். நகரில் சலூன் தோன்றியதும் இவ்வுறவின் திசையே மாறிற்று. இப்போது வாடிக்கையாளர் நடந்து வருகிறார். தமது முறைக்காகக் காத்திருக்கிறார். விலைப்பட்டியலின்படி காசு கொடுக்கிறார். கதிரை தொழிலாளியினுடையது, இடமும் அவரது ஆதிக்கத்துக்குட்பட்டது. குடிமைத் தொழில் சிறு பண்ட உற்பத்தியாக மாறிய இம்மாற்றம் பொருளியல் நோக்கில் மிகச் சிறியது. சமூக உறவு நோக்கில் அது ஒரு புரட்சிக்குக் குறைந்ததன்று.

கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன் இதற்குத் தலைசிறந்த உதாரணம். டொமினிக் ஜீவா அங்கே தொழில் செய்துகொண்டே சிறுகதைகள் எழுதினார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். சஞ்சிகையின் ஆசிரிய பீடமும் விநியோக நிலையமும் சந்திப்பிடமும் அந்தச் சலூனே. பல்கலைக்கழக விரிவுரையாளர், ஆசிரியர், எழுதுவினைஞர், தொழிற்சங்க ஊழியர், முடிவெட்ட வந்த சாதாரணர் யாவரும் அங்கே ஒரே வாங்கில் இருந்து விவாதித்தனர். தேநீர்க் கடைக்குள் இருக்க அனுமதி மறுக்கப்பட்ட மக்களிடையேயிருந்து எழுந்த ஒருவர், எல்லாருக்கும் இருக்கை கொடுத்த ஓர் இடத்தை அமைத்தார் என்ற முரணின் முழு அர்த்தத்தையும் ஈழத்து இலக்கிய வரலாறு இன்னும் எழுதவில்லை. முற்போக்கு இலக்கியத்தின் கோட்பாட்டு விவாதங்களைப் பேராசிரியர்களின் நூல்களில் தேடும் நாம், அவை எந்தக் கதிரைகளில் இருந்து பேசப்பட்டன என்று கேட்பது குறைவு. பின்னர் ஜீவா கொழும்புக்குக் குடிபெயர்ந்து 2012வரை மல்லிகையை நடத்தினார். 2021 ஜனவரியிற் காலமானார்.

பஸ்ஸும் படமாளிகையும் இவ்வரிசையிற் சேர்க்கத்தக்கவை. அங்கே இருக்கையைத் தீர்மானித்தது டிக்கெட்டின் விலை. வர்க்கப் பிரிவு இருந்தது. சாதிப் பிரிவுக்கு அது இடமளிப்பது கடினம்.

யூர்கன் ஹாபர்மாஸ் 1962இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் கோப்பிக் கடைகளைப் பூர்சுவாப் பொதுமன்றத்தின் கருவறைகளுள் ஒன்றாகக் காட்டினார். தொழிலாளரும் பெண்களும் அப்பொதுமன்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டதை அவருக்குப் பின்வந்தோர் எடுத்துரைத்தனர். யாழ்ப்பாணத் தேநீர்க் கடையைப் பொறுத்தவரையில் வர்க்கத்தோடு சாதியும், இரண்டோடு பாலும் சேர்கின்றன. பெண்ணொருத்தி தனியே சென்று வாங்கில் இருந்து பத்திரிகை வாசித்த தேநீர்க் கடை எந்த நினைவுக் கட்டுரையிலும் இல்லை, நடைமுறையிலும் இருக்கவில்லை. பெண்களின் பொதுவிடம் சந்தையே. சுன்னாகம், திருநெல்வேலி முதலிய சந்தைகளில் மரக்கறியும் கருவாடும் விற்ற பெண்கள் நகரின் வணிக வரலாற்றிற் பெரும்பங்கினர். அவர்கள் நிலத்தில் சாக்கு விரித்து இருந்தனர். ஏக்கத்துடன் எழுதுவோர் அவர்களிடம் பேரம் பேசியதை எழுதுவர். அவர்கள் தம்முள் பேசியதை எழுதார்.

இனி, கடைகள் எவ்வாறு இல்லாமற் போயின என்பதற்கு வருவோம்.

1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் முதல் நாட்களில், பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த குண்டர்களும் யாழ்ப்பாண நகரை எரித்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிந்தது. ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம் எரிந்தது. கடைத்தெருவிற் பல கடைகளும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தன. இது அரசின் கை.

இதற்கு முன்னரே, தெற்கில் இன்னொரு அழிவு தொடங்கியிருந்தது. காரைநகர், புங்குடுதீவு, வேலணை முதலிய தீவுப்பகுதி ஊர்களிலிருந்து சென்று சிங்களப் பிரதேசங்களிற் கடை வைத்திருந்த வணிகர் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தாக்கப்பட்டுக் கடைகளை இழந்தனர். அக்கடைகளும் சந்திப்பிடங்களே, சிங்களக் கிராமத்தவரும் தமிழ் முதலாளியும் கடன் கொப்பியினூடாகப் பழகிய இடங்கள். எதிர்ப்புறத்தில், யாழ்ப்பாண நகரில் சிங்களத் தொழிலாளரும் முதலாளிகளும் நடத்திய பேக்கரிகள் இருந்தன. எழுபதுகளின் இறுதிக்கும் எண்பதுகளின் நடுப்பகுதிக்கும் இடையில் அவர்களும் இல்லாமற் போயினர். தொண்ணூறுகளிற் பெயர்ப்பலகைகள் தமிழாக்கப்பட்டபோது ‘பேக்கரி’ ‘வெதுப்பகம்’ ஆயிற்று. சொல் நல்ல சொல்லே. அச்சொல் எழுதப்பட்ட வேளையில், அத்தொழிலை ஒருகாலத்தில் இங்கே நடத்தியவர்கள் நகரில் இருக்கவில்லை.

1990 ஒக்டோபர் 30ஆம் நாள் நிகழ்ந்ததை இவற்றோடு ஒப்பிட்டே பேசவேண்டும். யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் நகரை விட்டு வெளியேறுமாறு தமிழீழ விடுதலைப் புலிகளாற் கட்டளையிடப்பட்டனர். அம்மாத இறுதிக்குள் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவிலும் ஐந்துசந்தியிலும் பெரியகடையிலும் இருந்த அவர்களின் இரும்புக் கடைகள், நகைக் கடைகள், துணிக் கடைகள், தையற் கடைகள், இறைச்சிக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள் ஒரே பகலில் வெறுமையாயின. விட்டுச்சென்ற பொருட்கள் பறிமுதலாயின. ஒரு நகரத்தின் தொழிற் பிரிவினையில் தலைமுறைகளாக ஓர் அங்கமாயிருந்த மக்கள் கூட்டம் முழுவதாக வெட்டியெடுக்கப்பட்டது. நினைவுக் கட்டுரைகளில் இதற்குரிய வினைச்சொல் யாது? ‘அந்தத் தையற்கடைக் காக்காவும் போய்விட்டார்’ என்ற பாங்கிலேயே அது அமைகிறது. போய்விட்டார்!

எமது வாதத்தின் மையம் இங்கேதான் உள்ளது. பொது நூலகத்தைப் பற்றி எழுதும் எவரும் ‘நூலகம் மறைந்தது’ என்று எழுதுவதில்லை. அது எரிக்கப்பட்டது, எரித்தவர் இன்னார், நாள் இன்னது. அங்கே மொழி தெளிவாயிருக்கிறது. கோபத்துக்கு இலக்கணம் உண்டு. தேநீர்க் கடையின் தனிப்பேணியைப் பற்றியும் ஐந்துசந்தியின் பூட்டிய கதவுகளைப் பற்றியும் எழுத நேர்கையில் அதே எழுத்தாளரின் அதே பேனை தன்வினைக்கு மாறிவிடுகிறது. பிறர் எமக்குச் செய்தது செயப்பாட்டுவினையிலும், நாம் பிறருக்குச் செய்தது தன்வினையிலும் சொல்லப்படுகின்றன. ஆகவே நினைவேக்கத்தை மென்மையான, தீங்கற்ற உணர்வாகக் கருதுதல் இயலாது. இழப்புக்களை அது வரிசைப்படுத்துகிறது: எதற்குக் குற்றவாளி உண்டு, எது வெறும் காலத்தின் கோலம் என்று தீர்ப்பு வழங்குகிறது. தமிழ்த் தேசியக் கருத்துநிலையில் சாதியும் முஸ்லிம் மக்களின் வெளியேற்றமும் பெறும் இடத்தை மேடைப் பேச்சுகளைவிட இக்கட்டுரைகளின் வினைமுற்றுக்கள் நேர்மையாகக் காட்டிக்கொடுக்கின்றன.

போர்க்காலத்தின் ஏனைய அழிவுகளை விரிவாக எழுத இங்கு இடமில்லை. 1990 கோட்டை முற்றுகையின்போது அதனை அண்டிய நகர்ப்பகுதி பேரழிவுக்குள்ளாயிற்று. பொருளாதாரத் தடை, 1995 ஒக்டோபர் 30 இரவு தொடங்கிய வலிகாமத்துப் பெரும் இடப்பெயர்வு, 2006இல் மீண்டும் மூடப்பட்ட ஏ-9 பாதை என்பன கடை என்ற நிறுவனத்தையே பலமுறை தரைமட்டமாக்கின. 

போர் முடிந்த 2009இன் பின்னர் வந்தது மூலதனத்தின் கை. சுப்பர் மார்க்கெட்டுகளும், 2013இல் திறக்கப்பட்ட கார்கில்ஸ் வணிக வளாகமும், தெருவுக்குத் தெரு முளைத்த வங்கிக் கிளைகளும் லீசிங் கம்பனிகளும் நகரின் முகத்தை மாற்றின. இதனைப் பற்றி நினைவேக்க எழுத்து நிறையவே பேசுகிறது. அங்கே அதற்குக் குற்றவாளியும் உண்டு: ‘நாகரிகம்’, ‘இளைய தலைமுறையின் போக்கு’. மூலதனம் என்ற சொல் வருவதில்லை. மூலைக்கடையின் கடன் கொப்பிக்குப் பதிலாக நுண்கடன் ஒப்பந்தம் வந்திருக்கிறது. கடன் கொப்பியை நாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அறுவடைக்கு முன்னரே வெங்காயத்தைக் குறைந்த விலைக்கு எழுதி வாங்கிய கொப்பிகளும் இருந்தன. கடன்பட்டவரை ஊரார் முன் தலைகுனிய வைத்த கொப்பிகளும் இருந்தன. ஆனால் கொப்பிக்காரரோடு வாதாட முடிந்தது. மகளின் கலியாணத்தைச் சொல்லித் தவணை கேட்க முடிந்தது. வட்டி வீதத்தை வேறெங்கோ உள்ள தலைமைக் காரியாலயம் தீர்மானிக்கையில், வசூலிக்க வருபவரும் மாதச் சம்பளத்துக்கு அஞ்சி நடக்கும் ஓர் இளைஞரே. அவரோடு வாதாடி ஆவதென்ன?

ஏக்கத்தினுள் உறைந்திருக்கும் உண்மை இதுவே. வாங்குவதற்காக மட்டுமன்றி இருப்பதற்காகவும் ஒரு கடைக்குச் செல்ல முடிந்த காலம் ஒன்று இருந்தது. சுப்பர் மார்க்கெட்டில் வாங்கு இல்லை. வாடிக்கையாளர் நிற்கிறார், நகர்கிறார், பணம் செலுத்துகிறார், வெளியேறுகிறார். அங்கே தொழில் புரியும் இளம் பெண்களும் நாள் முழுதும் நிற்கின்றனர். ஒருவகையிற் பார்த்தால், தேநீர்க் கடை வாசலில் அன்று சிலருக்கு விதிக்கப்பட்ட நிலை இன்று எல்லாருக்கும் பொதுவாகியிருக்கிறது. சாதி பாராமல் எவரையும் இருக்கவிடாத கடை! இம்முரணைக் கண்டு நகைப்பதா வருந்துவதா என்பது ஒருவர் முன்னர் எங்கே நின்றார் என்பதைப் பொறுத்தது. தொழிற்சங்கங்களும் இடதுசாரி இயக்கங்களும் வாசகர் வட்டங்களும் இருக்கைகளிற் பிறந்தன என்பதை எண்ணுகையில், வாங்கின் இழப்பு அரசியல் இழப்பென்பதில் எமக்கு ஐயமில்லை. வாங்கினைத் திறந்துவிடப் போராடியவர்களே அதன் பெறுமதியை நன்கறிந்தவர்கள். பெறுமதியற்ற ஒன்றுக்காக எவரும் சங்கானையில் உயிரைப் பணயம் வைத்திருக்கமாட்டார்.

புலம்பெயர் நாடுகளில் யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்களைத் தாங்கிய கடைகள் பெருகியிருப்பதும் இத்தேவையின் வெளிப்பாடே. பாரிஸின் லா சப்பல் பகுதியிலும் ரொறன்ரோவின் ஸ்காபறோவிலும் உள்ள தமிழ்க் கடைகளில் சாமான் வாங்குவதற்கு வந்தவர் ஒரு மணிநேரம் நின்று பேசுகிறார். சுவிஸ் கூலிப்படையினருக்கு ஹோபர் பரிந்துரைத்த இறுதி மருந்து அவர்களை ஊருக்கு அனுப்புதல். இவர்கள் ஊரைக் கடையாகத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டனர். அங்கேயும் எந்த ஊரவர் எந்தக் கடைக்குச் செல்வதில்லை என்ற கணக்கு இருக்கிறதா என்பது ஆராயத்தக்கது.

எமது மாணவர்க்கு இத்துறையிற் செய்யக்கூடிய பணி நிறையவுண்டு. நகரின் ஒவ்வொரு கடையைப் பற்றியும் நான்கு செய்திகள் சேகரிக்கப்படலாம்: யார் நடத்தினர், யார் உள்ளே இருந்தனர், யார் வெளியே நின்றனர், எந்த ஆண்டில் யாரால் அது மூடப்பட்டது. முதலிரண்டுக்கும் விடை மலர்களிலேயே கிடைக்கும். ஏனைய இரண்டுக்கும் வேறிடம் செல்லவேண்டும். 1967இற் சங்கானையிலும் நெல்லியடியிலும் தேநீர்க் கடைக்குள் நுழைந்து வாங்கில் இருந்தவர்களுள் அன்று இருபது வயதினராக இருந்தோர் இன்று எண்பதை அண்டியுள்ளனர். ஐந்துசந்தியில் 1990இல் கடையைப் பூட்டிச் சாவியைக் கையிலெடுத்துச் சென்றவர்களுட் பலர் புத்தளத்திலேயே முதுமை எய்திவிட்டனர். சிலர் மீண்டுவந்து அதே தெருவில் மீண்டும் கடை திறந்திருக்கின்றனர். ஒலிப்பதிவுக் கருவியுடன் முதலிற் செல்லவேண்டியது அவர்களிடமே.